ஓரம் இருட்டு, நடுவில் வெயில்

எங்கள் ஊரில் நிறம் நெருப்பில்தான் பிறக்கும். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெள்ளைக் களிமண், ஃபெல்ஸ்பாரோடும் குவார்ட்ஸோடும் பால் மில்லில் உருண்டு, கூழாகி, பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றப்பட்டு, கொலுப் பொம்மையாகவோ அகல் விளக்காகவோ ஃபியூஸ் கேரியராகவோ உருவெடுத்து, உலர்ந்து, கிளேஸில் முங்கி எழுந்து, 1,200 டிகிரியைத் தொடும் சூளைக்குள் போய்த் திரும்பும்போது எந்த நிறத்தோடு வருகிறதோ, அந்த நிறத்தோடுதான் அது கடைசிவரை இருக்கும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பால பாடம். கிளேஸ் அடிக்கும் பிரிவில் வேலை பார்த்த என் அப்பா, கோபால்ட் ஆக்சைடு என்ற கறுப்புப் பொடியை உள்ளங்கையில் கொட்டிக் காட்டி, "உள்ள போறப்ப இது கரி, வெளிய வர்றப்ப நீலம். நூறு வருசம் மண்ணுக்குள்ள கெடந்து எடுத்தாலும் இதே நீலம்தான்டா" என்பார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையன், வெயில் பட்டால் வெளுத்தும் கை பட்டால் தேய்ந்தும் போகிற, மரத்தின் மேல் பூசிய ஒரு நிறத்துக்கு மனதைப் பறிகொடுத்தான் என்பதை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரிப்பு அடங்கியதும் அந்தப் பையன்மேல் ஒரு பிரியமும் வருகிறது.

அந்த நிறத்துக்குப் பெயர் சன்பர்ஸ்ட். கிடாரின் நடுவயிற்றில் மஞ்சளோ தேன் நிறமோ இருக்கும். அங்கிருந்து விளிம்பை நோக்கிப் போகப்போகச் சிவந்து, பழுத்து, கடைசி ஓரத்தில் கறுத்துவிடும். மஞ்சள் எங்கே முடிந்தது, சிவப்பு எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாண மண்டபத்து மெல்லிசைக் குழுவில், மாதா கோயில் பாடகர் குழுவில், சினிமாவில் கல்லூரி ஆண்டுவிழாக் காட்சியில் எங்காவது கண்ணில் பட்டிருக்கும். அதற்கும் முன்னால் உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே பார்த்திருப்பீர்கள் என்பேன்: கழுத்திலிருந்து தோள்வரை பழுப்பும் அதற்குக் கீழே சந்தன நிறமுமாக இருந்த பீங்கான் ஊறுகாய் ஜாடியில், இரண்டு நிறமும் சந்திக்கிற இடத்தில் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து கிடந்த அந்த விரற்கடை அகலம் இருக்கிறதே, அதை அப்படியே ஒரு கிடார் முழுவதும் விரித்துவிட்டால் சன்பர்ஸ்ட்.

எனக்கு அதைக் காட்டியவர் எங்கள் ஊர் இசைக்குழுவின் கிடார்க்காரர். பெயர் வேண்டாம், அவரை நாங்கள் எல்லோரும் 'கிடார் அண்ணே' என்றே அழைத்தோம். தை மாதத்தில், வீரமாமுனிவர் எழுப்பிய கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயில் திருவிழாவில் வாசிப்பார். அடுத்த மாதம் பழமலைநாதர் கோயில் மாசி மகத்தை ஒட்டி நடக்கும் கச்சேரியிலும் அதே கிடாரோடு அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இளையராஜாவின் கிடார் தமிழ்நாட்டைப் பிடித்து ஆட்டிய காலம் அது. 1980-இல் 'மூடுபனி'யில் பிரதாப் போத்தன் கிடாரை அணைத்துக்கொண்டு பாடியதும், 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்ததும், எங்கள் ஊர்ப் பாலக்கரையில் டீக்கடை டீக்கடையாக அந்தக் கிடார்த் துணுக்குகள் ஒலித்ததும், வாயாலேயே 'டிடிங் டிடிங்' என்று வாசித்துக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். மற்றவர்கள் காதால் மயங்கினார்கள். நான் கண்ணாலும் மயங்கினேன்.

கச்சேரி தொடங்குவதற்கு முந்தைய அரைமணி நேரம்தான் எனக்கு உண்மையான கச்சேரி. மைக் செட்காரர் 'ஹலோ, ஹலோ' என்று சொல்லிக்கொண்டிருக்க, மேடைக்குப் பின்னால் கிடார் அண்ணே பெட்டியின் பித்தளைக் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தட்டித் திறப்பார். மூடி எழும்பியதும் பழைய வெல்வெட்டின் வாசமும் மெருகெண்ணெயின் வாசமும் கலந்து வரும். மஞ்சள் குண்டு பல்பின் வெளிச்சம் முதலில் அதன் நடுவயிற்றில் விழுந்து, பிறகு ஓரத்துக்கு நழுவும். அவர் கிடாரைத் தூக்கித் திருப்பும்போதெல்லாம் அந்த வெளிச்சமும் கூடவே நடக்கும். தேன் நிறம் ஒரு கணம் பொன்னாகும், சிவப்பு ஒரு கணம் அணைந்து மறுபடி எரியும். மேடையில் ஏறியபின், சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடித்தாள் ஒட்டிய வட்டத்தகடு ஒன்றை விளக்கின் முன்னால் ஒருவர் கையால் சுற்றுவார். அந்த விளக்கில் கிடார் பச்சையாகி, சிவப்பாகி, கடைசியில் தன் சொந்த நிறத்துக்குத் திரும்பும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அவர் கிடாருக்கு வயிறு மேடிட்ட முகப்பு, இரண்டு பக்கமும் வயலினில் இருப்பதுபோல 'எஃப்' வடிவத் துளைகள். ஆர்ச்டாப் என்று சொல்லும் அந்த வகைக் கிடாருக்கு ஏன் அந்தத் துளைகள், ஏன் அந்த நிறம் என்பதற்கான விடை பல வருடங்கள் கழித்துத்தான் கிடைத்தது. கிடைத்தபோது அது என்னை மேலும் மயக்கியது. 1920களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் இருந்த கிப்சன் தொழிற்சாலையில் லாய்ட் லோர் என்பவர் வயலினின் கட்டுமானத்தைக் கிடாருக்குள் கொண்டுவந்தார். அப்படிப் பிறந்ததுதான் எல்-5. வயலினின் வடிவத்தோடு அதன் நிறத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். ஸ்ட்ராடிவாரி வாழ்ந்த இத்தாலிய நகரத்தின் பெயரால் 'கிரிமோனா பழுப்பு' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். பழைய வயலினைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: கையும் தாடையும் பட்டுப்பட்டு வார்னிஷ் தேய்ந்த இடங்கள் வெளுத்துப் பொன்னிறமாகவும், யாரும் தொடாத மூலைமுடுக்குகள் கறுத்தும் இருக்கும். முந்நூறு வருடம் மனிதர்கள் தொட்டுத் தொட்டு உண்டாக்கிய அந்த ஒளியைத்தான், கலமசூவில் சாயத்தைத் துணியில் நனைத்து, மரத்தில் கையால் தேய்த்துத் தேய்த்துப் புதுக் கிடாரில் வரவழைத்தார்கள். பிறந்த அன்றே கிழமாகப் பிறந்த நிறம் அது. எங்கள் ஊரின் பெயரில் முதுமை இருப்பதாலோ என்னவோ, எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

பிறகு ஸ்ப்ரே கன் வந்தது, துணி போயிற்று. இங்கேதான் என் அப்பா மறுபடி கதைக்குள் வருகிறார். ஏதோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து நான் வெட்டி வைத்திருந்த கிடார்ப் படத்தை ஒருநாள் எடுத்துப் பார்த்தார். இசையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தை ஜன்னல் பக்கம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, "இது கன் வேலை. கை நல்ல கை" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கை எப்படிப் போயிருக்கும் என்று விளக்கத் தொடங்கிவிட்டார். முதலில் முகப்பு முழுக்க மஞ்சள். அது காய்ந்ததும் சிவப்பை எடுத்துக்கொண்டு, கன்னின் மூக்கை உள்ளேயிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து, விளிம்பை மட்டும் சுற்றி வர வேண்டும். அப்போதுதான் சிதறும் தூசி நடுவில் விழாமல் வெளியே போகும். கடைசியில் கறுப்பு, இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் குறைந்த காற்றில். மயில் பொம்மையின் தோகைக்கும் கிளியின் கழுத்துக்கும் ஷேடு விட்டுப் பழகிய மனிதர் அவர். கடல் தாண்டி இருந்த ஒரு தொழிலாளியின் மணிக்கட்டு அசைவை, ஒரு துண்டுக் காகிதத்திலிருந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துவிட்டார். அன்று அதன் அருமை எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. படத்தைத் திரும்ப வாங்கிப் பத்திரப்படுத்துவதில்தான் என் கவனமெல்லாம் இருந்தது.

இன்னொன்றும் சொன்னார். கிளேஸுக்கு இந்த வேலை பிடிக்காது என்றார். சூளைக்குள் அது உருகும்போது தன் இஷ்டத்துக்கு ஓடும். பள்ளத்தில் தேங்கித் தடித்துக் கறுக்கும், விளிம்பிலும் மேட்டிலும் மெலிந்து வெளுக்கும். இரும்பு ஆக்சைடு கலந்த தேன்நிறக் கிளேஸ் போட்ட கிண்ணத்தை எடுத்துப் பார்த்தால் நடுவில் இருட்டு, ஓரத்தில் வெளிச்சம். கிடாருக்கு நேர் எதிர். ஓரம் கறுத்து நடு வெளுத்த தட்டு ஒன்று வேண்டுமென்றால் பூமியின் இழுப்பை எதிர்த்துத்தான் அதைச் செய்ய வேண்டும். அப்பா அப்படி ஒரு தட்டு செய்து பார்த்தாரா என்று கேட்காதீர்கள். தொழிற்பேட்டையில் அந்த வருடங்களில் ஓடியது ஃபியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே பழுப்பு. ஆயிரம் ஃபியூஸ் ஒரே நிறத்தில் வந்தால்தான் லாரியில் ஏறும்.

அந்தக் காலத்தில் நல்ல கிடார் ஒன்றைப் பார்ப்பதே ஒரு யாத்திரை. ஊருக்குள் கிடைத்தவை பெரும்பாலும் கொல்கத்தாவிலிருந்து வந்த கிவ்சன் போன்ற கிடார்கள். அவற்றிலும் சன்பர்ஸ்ட் உண்டு, கறுப்பு ஓரம் கொஞ்சம் தாராளமாக. வெளிநாட்டுக் கிடார் என்றால் சிங்கப்பூரிலிருந்து யாராவது தூக்கி வர வேண்டும், அல்லது சென்னைக்குப் போய் அண்ணா சாலையில், 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிகல் கடையின் கண்ணாடிக்கு முன்னால் நிற்க வேண்டும். விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறிய பையன், எழும்பூரில் இறங்கி, வந்த வேலையை முடித்துவிட்டு, அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வெயிலில் நின்றுகொண்டிருந்த நேரத்துக்குக் கணக்கில்லை. மற்ற நாட்களில் படங்கள்தான். அவற்றில் பாதி கறுப்பு வெள்ளை. கறுப்பு வெள்ளையில் சன்பர்ஸ்ட் எப்படி இருக்கும்? வெளிறிய நடு, சாம்பல் இடை, கறுத்த ஓரம். நிறத்தையெல்லாம் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். நானும் போட்டுக்கொண்டேன், ஒரே கிடாருக்கு ஒருநாள் மாதுளைச் சிவப்பு, மறுநாள் பனங்கற்கண்டு. பிறகு எந்த அச்சகம் எனக்குக் காட்டிய நிறமும் அவற்றுக்கு ஈடாகவில்லை.

ஆர்ச்டாப் நம் ராகங்களுக்குள்ளும் வந்தது. வானொலியில் பிரிஜ் பூஷண் காப்ராவின் வாசிப்பைக் கேட்டவர்கள் இருப்பீர்கள். 1967-இல் சிவகுமார் சர்மாவோடும் ஹரிபிரசாத் சௌரசியாவோடும் சேர்ந்து 'கால் ஆஃப் த வேலி' இசைத்தட்டில் கிடாரை இந்துஸ்தானி ராகத்துக்குப் பழக்கியவர். அவர் கையில் இருந்தது கிப்சனின் சூப்பர் 400. 1934-இல் வந்த மிகப் பெரிய ஆர்ச்டாப். 400 டாலர் விலை என்பதாலேயே அந்தப் பெயர். நரம்புகளை உயர்த்தி, சுருதி நரம்பு சேர்த்து, மடியில் கிடத்தி வாசித்தார். பிறகு விஸ்வமோகன் பட் தன் மோகன வீணையை உருவாக்கியதும் ஆர்ச்டாப் கிடாரிலிருந்துதான். 1994-இல் அவருக்கு கிராமி விருதும் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு காட்சி தோன்றும். மேற்கே கிடாரை நெஞ்சோடு நிறுத்தி வாசிப்பதால் அதன் முகம் சபையைப் பார்க்கிறது. நம்மூரில் மடியில் கிடத்துவதால் அது கூரையைப் பார்க்கிறது. அதன் நிறத்தின் அழகையெல்லாம் வாசிப்பவர் ஒருவர்தான் குனிந்து அனுபவிக்கிறார். நம் ஆட்கள் கிடாரைத் தங்களுக்கென்றே வைத்துக்கொண்டார்கள்.

இனி, சாயம் போன கதைக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததே இதுதான்.

கிடார் அண்ணே வாடகைக்கு இருந்த வீட்டில், மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆணியடித்துக் கிடாரை மாட்டியிருந்தார். வருடக்கணக்கில் மாலை வெயில் அதன் ஒரு தோளில் மட்டும் விழுந்தது. ஜன்னல் பக்கத்துத் தோளில் சிவப்பு மெல்ல மெல்ல விலகி, மஞ்சளும் கறுப்பும் நேருக்கு நேர் நிற்கத் தொடங்கின. மறுபக்கத் தோள் பழைய சிவப்போடேயே இருந்தது. அண்ணேவுக்கு அது பெரிய விசாரம். மறுபடி பெயின்ட் அடித்துவிடலாமா என்று அப்பாவிடம் யோசனை கேட்க வந்தார். "வாத்தியத்த ஒழுங்கா பொட்டியில வைக்கக் கூடாதாப்பா?" என்று அப்பா கேட்டதற்கு, "என்ன பண்றதுண்ணே, வெயில் மேல கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டவா முடியும்?" என்றார். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், தீராத வழக்குகளை மனுவாக எழுதிக் கட்டி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீடே சிரித்தது. பெயின்ட் அடிக்கவில்லை, கன்னுக்குள் மரச்சாயத்தை ஊற்ற அப்பா ஒப்பவில்லை. நான் மட்டும் அந்த இரண்டு தோள்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுத்த தோள்தான் அழகு என்று யாரிடமும் சொல்லத் துணிவில்லை. தொழிற்பேட்டையில் அதற்குப் பெயர் ரிஜெக்ட்.

ஆனால் உலகம் வேறு ஒரு பக்கத்திலிருந்து அதே முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. கிப்சன் தன் லெஸ் பால் என்ற மின்கிடாரை 1952-இலிருந்து பொன்னிறத்தில் விற்றது. விற்பனை சரியவே, 1958-இல் பொன்னிறத்தை விட்டுவிட்டு, மேப்பிள் மரத்தின் ரேகைகள் தெரியும்படி செர்ரிச் சிவப்பு ஓரம் வைத்த சன்பர்ஸ்டுக்கு மாறியது. அதுவும் விலைபோகவில்லை. 1960-ஓடு நிறுத்திவிட்டு, 1961-இல் கிடாரின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். அந்த மூன்று வருடங்களில் வெளிவந்தவை இரண்டாயிரத்துக்கும் குறைவு. வேண்டாமென்று கைவிட்ட அந்தப் பழைய கிடார்களில் ஒன்றை 1964-இல் ராக் கிடார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் எடுத்தார். 1966-இல் ஜான் மேயலின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் இன்னொன்றை முழங்க வைத்தார். அதற்குப் பிறகு அவற்றின் விலை எங்கோ ஏறிவிட்டது.

அழகு எங்கே வந்தது என்றால், அந்தச் சிவப்புச் சாயம் வெயிலுக்குத் தாங்கவில்லை. கடையின் கண்ணாடி ஜன்னலில் நின்ற கிடார் ஒரு மாதிரி வெளுத்தது. பெட்டிக்குள் கிடந்தது சிவப்பாகவே இருந்தது. மேடை மேடையாக அலைந்தது வேறு மாதிரி ஆயிற்று. ஒன்று எலுமிச்சை, ஒன்று தேன், ஒன்று குளிர்ந்த தேநீர்; சிலவற்றில் ஓரமே கரைந்து முகப்பு முழுவதும் ஒரே வைக்கோல் நிறமாகிவிட்டது. ஒரே தொழிற்சாலை, ஒரே சாயம், ஒரே கை, ஆனால் இரண்டு கிடார் ஒன்றுபோல் இல்லை. முகப்பில் திருகி வைத்திருக்கும் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினால், அதன் நிழலில் மட்டும் 1959-இன் சிவப்பு அப்படியே இருக்கும். பீட்டர் கிரீன் வாசித்து, கேரி மூருக்குக் கைமாறி, இன்று கிர்க் ஹாமெட்டிடம் இருக்கும் 'கிரீனி' என்ற கிடாரின் வெளுத்த முகத்தைப் பார்த்தால், அது யார் யாரோடு எத்தனை மேடை ஏறியது என்பதெல்லாம் அதில் எழுதியிருப்பதாகவே எனக்குத் தோன்றும். 1960-இல் தொழிற்சாலை விழித்துக்கொண்டு, வெளுக்காத சிவப்புக்கு மாறியது. அந்தக் கிடார்கள் இன்றும் மங்காமல் இருக்கின்றன. சேகரிப்பவர்கள் அவற்றைத் தக்காளி சூப் என்கிறார்கள். என் அப்பாவின் பக்கம் நின்று பார்த்தால் அதுதான் நல்ல வேலை, குறையில்லாத வேலை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் மனம் வெளுத்த கிடார்களோடுதான் நிற்கிறது.

ஃபெண்டர் என்ற இன்னொரு கிடார் நிறுவனத்துக்கும் இதே அனுபவம். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மஞ்சளும் கருப்பழுப்புமாக இரண்டு நிறம். 1958-இல் நடுவே சிவப்பைச் சேர்த்தார்கள். அந்த முதல் சிவப்பு பல கிடார்களில் நில்லாமல் போய், அவை மறுபடி இரண்டு நிறமாகவே தோன்றின. ரிக்கன்பேக்கரின் 'ஃபயர்க்ளோ' இளஞ்சிவப்பு நடுவிலிருந்து செந்தணலாகப் பரவும். ஃபெண்டரின் 'ஆன்டிகுவா' வெளிர் நடுவும் சாம்பல் ஓரமுமாக இருக்கும். விளிம்பில் கருகிய வடுக்களை மறைக்கப் பிறந்த நிறம் என்பார்கள், எனக்கு அது பிடித்ததில்லை. கிப்சன் 1970களின் இறுதியில் கொண்டுவந்த 'சில்வர்பர்ஸ்ட்' வேறு கதை. வெள்ளி நடு, கறுப்பு ஓரம். மேலே பூசிய லாக்கர் வயதாகி மஞ்சளாக, மஞ்சளுக்குக் கீழே தெரியும் வெள்ளி மெல்லப் பச்சையாகிவிட்டது. யாரும் பச்சை பூசவில்லை. ஆனால் பழைய சில்வர்பர்ஸ்ட் கிடார்களில் பாசி படிந்த குளத்தின் பச்சை இருக்கிறது.

நீலமும் வந்தது. ஜிம்மி டி'அக்விஸ்டோ செய்த ஒரு நீல ஆர்ச்டாப்பைப் பார்த்து மயங்கிய ஸ்காட் சினரி என்ற சேகரிப்பாளர், பெயர்பெற்ற கிடார்க் கைவினைஞர்கள் இருபத்திரண்டு பேரிடம், ஆளுக்கொரு நீல ஆர்ச்டாப் செய்துதரும்படி 1990களில் கேட்டார். எல்லோருக்கும் ஒரே நீலச் சாயம். வந்து சேர்ந்தவற்றில் ஒரு நீலமும் மற்றொன்றைப் போல் இல்லை. சிலர் நடுவில் வானத்தை வைத்து ஓரத்தில் இரவை வைத்தார்கள். ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட அந்தக் கிடார்களின் படங்களை முதலில் பார்த்தபோது எனக்கு அப்பாவின் உள்ளங்கைக் கோபால்ட்தான் நினைவுக்கு வந்தது. அவர் அந்தப் படங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், யாருடைய கை நல்ல கை என்று வரிசைப்படுத்தியிருப்பார். அந்த வரிசையை அறிய எனக்கு இன்றும் ஆசை.

இப்போது எல்லாம் கைக்குள் இருக்கிறது. மணிமுக்தாற்றுப் பாலத்தில் நின்றுகொண்டே 1959-இன் கிடார்களை வரிசையாகத் தள்ளிப் பார்க்கலாம், பெருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் சாயம் எங்கே எவ்வளவு போனது என்று ஒப்பிடலாம். பதினாறு வயதில் இது கிடைத்திருந்தால் நான் சோறு தண்ணீர் மறந்திருப்பேன். இப்போதும் சில இரவுகளில் மறக்கிறேன். ஆனால் மேப்பிள் மரத்தின் ரேகை ஃபோனில் செத்துவிடுகிறது. மரநார்கள் அலையலையாக வளர்ந்திருப்பதால், கிடாரைச் சற்றே சாய்த்தால் வெளிச்சப்பட்டை இருண்டு, இருண்ட பட்டை ஒளிரும். முகப்பே மூச்சு விடும். அதைப் பார்க்க நீங்கள் நகர வேண்டும், அல்லது அது நகர வேண்டும். படத்தில் இரண்டும் நடப்பதில்லை. மேடையிலோ, குண்டு பல்பு போய் எல்.இ.டி. வந்து, ஊதாவும் கத்தரிப்பூ நிறமுமாக வெட்டி வெட்டி அடிக்கிறது. அந்த வெளிச்சத்தில் எந்தச் சன்பர்ஸ்டும் கறுப்பாகத்தான் தெரிகிறது. வாசிப்பவர்கள் முன்னைவிட நன்றாக வாசிக்கிறார்கள், ஒலி முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது. கையால் சுற்றிய அந்த வட்டத்தகடு மட்டும்தான் இல்லை.

வெளுப்பையும் இப்போது கடையில் வாங்கலாம். ஃபெண்டர் 1995-இலேயே 'ரெலிக்' என்று, தேய்ந்த கிடாரைப் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. கிப்சன் 2021-இல் அதற்கென்றே மர்ஃபி லேப் என்ற பிரிவைத் திறந்தது. லாக்கரில் வெடிப்பு, விளிம்பில் தேய்மானம், வெளுத்த சிவப்பு எல்லாம் அங்கே தேர்ந்த கைகளால் உண்டாக்கப்படுகின்றன. இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்குக் கேலி வரவில்லை. 1920களில் புதுக் கிடாருக்குப் பழைய வயலினின் தேய்மானத்தைத் துணியால் தேய்த்து ஏற்றியவர்களும் இதையேதானே செய்தார்கள்? நூறு வருடத்துக்குப் பிறகு அவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தத் தேய்மானத்துக்கே தேய்மானம் செய்கிறார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வேலையும் ஒரு நல்ல கையைக் கேட்கிறது, அந்தக் கைக்கு நான் மரியாதை செய்கிறேன்.

தொழிற்பேட்டையில் சத்தம் குறைந்துவிட்டது. பீங்கான் ஃபியூஸின் இடத்தை எம்.சி.பி. என்ற சர்க்யூட் பிரேக்கர் பிடித்துக்கொண்டது. அகல் விளக்கும் பொம்மையும் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்த்திகைக்கும் கொலுவுக்கும் முன்னால் அந்தப் பக்கம் போனால், உலர வைத்த பொம்மை வரிசைகளுக்கு நடுவே நடந்து வரலாம். சுட்டபின் பெயின்ட் அடிக்கும் பொம்மைகளும் உண்டு. அவற்றின் நிறம் போய்விடும் என்று அப்பா காலத்து ஆட்கள் முகம் சுளிப்பார்கள். நான் அவற்றையும் வாங்குகிறேன்.

என் தங்கை மகன் இப்போது இதே ஊரில் கிடார் வாசிக்கிறான். அவனிடம் இருப்பது ஆன்லைனில் வாங்கிய, பளபளவென்று ஒரே கறுப்பான ஒரு மின்கிடார். அதன் நிறம் அவனுக்குச் சலித்துவிட்டது. ஜங்ஷன் ரோட்டில் பைக் டேங்குகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனோம். முழுக்கத் தேய்த்துவிட்டு மரம் தெரிய வைத்து, மேலே ஷேடு விட முடியுமா என்று கேட்டேன். அவர் கிடாரைத் திருப்பிப் பார்த்து, விளிம்பில் விரலை ஓட்டி, "உள்ள இருந்து வெளிய அடிக்கணும் சார், இல்லன்னா நடுவுல தூசி விழும்" என்றார். எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ஓரத்துக்கு எந்த நிறம் என்பதில்தான் பேச்சு நிற்கிறது. பையனுக்கு நீலம் வேண்டுமாம். நான் பச்சை என்கிறேன், நடுவில் கொஞ்சம் வெள்ளி வைத்து. "பச்சை சீக்கிரம் வெளுக்கும் மாமா" என்கிறான். வெளுக்கட்டும் என்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார் பெயின்டர்.